போதும் என்று சொல்லாத பிரண்டை

செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. மரங்கள் அதிகம் பேசாது. நிற்பதே அவற்றுக்குப் பெரிய வேலை. புல் எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். ஆடுகளும் பேசும்தான், ஆனால் ஆட்டின் பேச்சு தீனியைத் தாண்டி ஓர் அடி நகராது. உட்கார்ந்து பேச ஏற்றவை கொடிகள்தான். வேர் ஓரிடம், தலை ஓரிடம் என்று கிடப்பதால் நாலு இடத்துச் சேதி அவற்றுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கொடிகளில் பிரண்டை என்று ஒருத்தி இருந்தாள். ஒரே ஒருத்திதான். இன்றைக்கு வேலிக்கு வேலி கிடக்கிற பிரண்டையெல்லாம் அப்போது கிடையாது. அவளுக்குக் கணுவும் இல்லை, நாலு பட்டையும் இல்லை. வேர் முதல் நுனிவரை ஒரே உடம்பாக, வழவழவென்று, கிணற்றுக் கயிறு நீளத்துக்கு இருப்பாள். யார் தொட்டாலும் கை அரிக்காது. ஈச்சனேந்தல் என்ற ஊருக்கு மேற்கே இருந்த மொட்டைக் கரட்டில், பாறை இடுக்கில் வேரைச் செருகிக்கொண்டு, சரிவில் படுத்துக் கிடந்தாள். குடிக்க என்ன கிடைக்கும் அங்கே? விடிகாலைப் பனி கொஞ்சம். எப்போதாவது மழை. அதை வைத்துக்கொண்டே சதைப்பிடிப்பாக இருந்தாள்.

ஈச்சனேந்தலும் செழித்த ஊர் இல்லை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற பூமி. தையில் இருக்கிற கதிரை அறுத்து முடித்ததும் ஆம்பிளைகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். அங்கே வயலில் ஆட்டை அடைத்துப் புழுக்கை உரம் சேர்த்துக் கொடுத்தால் கூலிக்கு நெல் கிடைக்கும். திரும்பி வர ஐப்பசி மழை இறங்க வேண்டும். அதுவரை பெண்கள் ஊரைப் பார்த்துக்கொள்வார்கள்.

ராக்குவுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். புருஷன் சாத்தையா ஆட்டோடு போயிருந்தான். வீடு ஊர்க்கோடியில் தனியாக இருந்தது. மாமியார் இல்லை, பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ராக்கு வம்பு பேசுகிறவள் அல்ல. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு மரக்கால் பேச்சாவது பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அடுப்போடு பேசிப் பார்த்தாள், அது புகையைத்தான் பதிலாகக் கொடுத்தது.

ஒரு நாள் கரட்டில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது காலடியில் ஒரு குரல் கேட்டது.

"பாத்து வை தாயி, என் நுனி கெடக்கு."

ராக்கு காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "மிதிச்சிட்டனாக்கா?"

"மிதிக்கலை. மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. பேச ஒரு ஆளு வந்திருக்கியேன்னு கூப்பிட்டேன்."

ராக்கு சுள்ளிக்கட்டைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கஞ்சி பொழுது சாய்ந்துதான் கொதித்தது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். சுள்ளிக்குப் போகிறேன் என்று பேர்தானே தவிர, கொண்டுவருகிற சுள்ளி அரை அடுப்புக்குக் காணாது. தன் அப்பா வீட்டுக் கதை, மாமன் வீட்டுக் கதை எல்லாவற்றையும் பிரண்டையிடம் கொட்டினாள். அப்படிக் கொட்டியதில் தாய்மாமன் தண்ணீர் வேண்டாம் என்ற கதையும் ஒன்று.

அந்தச் சீமையில் தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செம்பு நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வந்தவர் முதல் தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அது மரியாதை. கொடுக்கிறவள் விடக்கூடாது. இரண்டாம் தரமும் வேண்டாம் என்று சொல்லலாம், அதுவும் மரியாதைதான். மூன்றாம் தரம் நீட்டும்போது வாங்கிக் குடித்துவிட வேண்டும். மூன்றாவது தரமும் வேண்டாம் என்றால், உன் வீட்டுக்கும் எனக்கும் இனி ஒட்டில்லை என்று அர்த்தம். ராக்குவின் தாய்மாமன் ஒரு சடங்கு வீட்டில் வயிறு சரியில்லாமல் மெய்யாகவே மூன்று தரம் வேண்டாம் என்றுவிட்டார். அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பதினோரு வருஷமாகப் போக்குவரத்து இல்லை.

"பதினோரு வருசமாக்கா. வயித்துவலிதான்னு தெரிஞ்ச பொறவும் எங்க மாமனைப் பாத்தா அவுக மொகத்தைத் திருப்பிக்கிறாக," என்று சொல்லி ராக்கு பெருமூச்சு விட்டாள்.

"ஒரு சொல்லுக்கு இம்புட்டா?" என்றாள் பிரண்டை.

"பெறகு? தண்ணியை வேணாங்கிறது லேசான சொல்லா?"

பிரண்டை அதை மனசில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. கரட்டுப் பாறை மத்தியானத்தில் கால் வைக்க விடாது. ராக்குதான் முதலில் கேட்டாள். "எங்க வீட்டுக்கு வந்துரு அக்கா. கிளுவை வேலி இருக்கு, சாஞ்சுக்கலாம். எங்க வீட்டுக்காரவுக வர்றவரைக்கும் எனக்கும் தொணையா இருக்கும்."

பிரண்டைக்கு மட்டும் ஆசை இல்லையா? எத்தனையோ வருஷமாகப் பருந்தின் நிழலைத் தவிர வேறொரு நிழல் மேலே விழாமல் கிடந்தவள். "வாரேன். எனக்கு ஒண்ணும் வேணாம் ராக்கு. சாய ஒரு வேலி, காலுக்குப் பிடி மண்ணு. அம்புட்டுத்தான்," என்றாள்.

ராக்கு சிரித்துக்கொண்டாள். விருந்தாளி ஒண்ணும் வேணாம் என்றுதானே சொல்வார். ஒரு குச்சியால் இடுக்கைத் தோண்டி வேர் அறாமல் எடுத்து, கொடியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வேலியோரம் குழி பறித்து வேரை வைத்தாள். கொடியை வேலிமேல் நீள விட்டாள். சுற்றிலும் மண்ணை அணைத்துப் பாத்தி கட்டினாள், தண்ணீர் வெளியே ஓடிவிடக் கூடாது என்று. பிறகு வீட்டுக்குள் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வேணாம் ராக்கு."

"ஒரு வாயி குடிக்கா."

"மெய்யாத்தான் சொல்றேன், வேணாம்."

"கரட்டுலேருந்து கூட்டியாந்த ஆளுக்குத் தண்ணி குடுக்கலைன்னா ஊரு என்னைய என்ன சொல்லும்?" ராக்கு மூன்றாம் தரம் செம்பை நீட்டினாள்.

பிரண்டை அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அத்தனை ஆசை இருந்தது. பதினோரு வருஷப் பகை ஞாபகம் வந்தது. "குடு," என்றாள்.

செம்பு பாத்தியில் கவிழ்ந்தது. ஒரு செம்பால் எந்தக் கொடியும் செத்துப்போகாது. அன்றோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மறுநாள் காலையிலும் செம்பு வந்தது. சாயங்காலமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு வேண்டாம், பிறகு ஒரு குடு. இருவருக்கும் அது பழகிவிட்டது. ராக்குவுக்கு அதில் தனிச் சந்தோஷம். வேலியோரம் உட்கார்ந்து கேப்பை புடைப்பாள், கிழிந்த சேலையைத் தைப்பாள், வாய் ஓயாது. "எங்க வீட்டுக்காரவுக ஒன்னையப் பாத்தா அசந்து போவாக. கரட்டுல கெடந்த ஆளை எப்படித் தேத்தி வச்சிருக்கேன்னு," என்பாள்.

பிரண்டை தேறித்தான் போயிருந்தாள், பார்வைக்கு. உடம்பு உருண்டு திரண்டது. பச்சை வெளுத்துப் பளபளத்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. குரலில்கூட நீர் கோத்துக்கொண்டது. கரட்டில் கணீரென்று பேசுகிறவள் இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

"நடந்தா வந்த நீயி? மூச்சு வாங்குது?" என்று ராக்கு கேலி செய்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் பிரண்டை.

சித்திரையில் ஊருணி வற்றியது. பெண்கள் ஊருணியின் நடுவில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் நிழல் காலடியிலிருந்து ஆள் நீளத்துக்குப் போய்விடும். ராக்குவுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது இரண்டு குடம். அதில் ஒன்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டாள். இன்னொன்றைப் பாத்தியில் ஊற்றினாள்.

செம்பு குடமானது எப்படி என்றால், வெயில் கூடக் கூடத் தாகமும் கூடும்தானே என்று அவள் நினைத்தாள். தனக்கு நாக்கு வறண்டது. அக்காளுக்கும் வறளும்தானே. ஆட்டுக்காரன் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த அன்பு அதுதான். அந்த ஊரில் பிள்ளைக்கும் தண்ணீர், கன்றுக்கும் தண்ணீர், செத்தவர் வாயிலும் தண்ணீர். தண்ணீரால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று அங்கே யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது.

பிரண்டைக்கு இரண்டு பக்கமும் இடி. கால் எப்போதும் சேற்றில் நின்றது, உள்ளே ஏதோ கனத்தது, குமட்டியது. அது போதாதென்று ராக்குவின் உதடு வெடித்திருப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. குளித்து எத்தனை நாளாயிற்றோ, தலை பரட்டையாகக் கிடந்தது. தன் வாய்த் தண்ணீரை எடுத்து என் காலில் ஊற்றுகிறாளே என்று பிரண்டை மனசுக்குள் அழுதாள். வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்வாள். மூன்றாவது தரம் நாக்கு எழாது.

கடைசியில் ஒரு வழி யோசித்தாள். வேலியில் ஓர் ஓணான் குடியிருந்தது. அதைக் கூப்பிட்டாள்.

"ஓணாண்ணே, நீயே போயி ராக்குகிட்ட சொல்லணும். அக்காளுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாத."

ஓணான் அந்தப் பக்கத்தில் விவரமான ஆள் என்று பேர் வாங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலியிலிருந்து இறங்கி, வாசலில் போய் நின்றது. ராக்கு அதைப் பார்த்ததும், வீடு தேடி வந்திருக்கிறதே என்று ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்கண்ணே."

ஓணான் வேண்டாம் என்றது. அவள் மறுபடி சொன்னாள். மறுபடி வேண்டாம் என்றது. மூன்றாம் தரம் சொன்னாள். ஓணான் குடித்தது. குடித்த வீட்டில் நின்றுகொண்டு உன் தண்ணீர் கெடுதல் என்று எப்படிச் சொல்வது? அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"என்னண்ணே, அக்கா நல்லாக் கொழுத்திருக்காளா?" என்றாள் ராக்கு.

ஓணான் தலையை ஆட்டியது.

"இன்னும் அரைக் குடம் கூட ஊத்தினா நல்லதுதான?"

அதற்கும் ஆட்டியது. வேலிக்குத் திரும்பி வந்து பிரண்டைக்கும் தலையை ஆட்டிவிட்டு, கிளுவை இலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. விவரமான ஆட்களை நம்பினால் சில சமயம் இப்படித்தான் ஆகும்.

வைகாசி பாதியில் பிரண்டையின் தூர் கறுத்தது. முதலில் ஒரு பொட்டு. இரண்டு நாளில் அது கை அகலமாகி, தோல் கசங்கிச் சலம் கட்டியது. அழுகிய வெங்காய நாற்றம் அடித்தது. ராக்கு காலையில் பார்த்ததும் பதறிப் போனாள்.

"வாடுறியேக்கா. கரிஞ்சு போறியே. நான் ஒருத்தி, தண்ணி போதலைன்னு தெரியாம இருந்துட்டேன்."

உள்ளே ஓடினாள். வீட்டில் இருந்தது அன்றைக்குக் குடிக்கவும் பொங்கவும் வைத்திருந்த ஒரே குடம். அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாளே ஊருணிக் குழியில் ஊற்றே அடைபட்டுவிட்டது. இதைக் கொட்டிவிட்டால் அவளுக்குத் தொண்டை நனைக்க ஒரு வாய்கூட இல்லை. அது தெரிந்துதான் தூக்கி வந்தாள்.

"வேணாம் ராக்கு," என்றாள் பிரண்டை.

"நீ பேசாம இரு அக்கா."

"வேணாம்."

ராக்கு குடத்தைச் சாய்த்தாள்.

"வேணாம்," என்றாள் பிரண்டை மூன்றாம் தரம்.

குடம் சாய்ந்தபடியே நின்றது. விளிம்புவரை வந்த தண்ணீர் விழாமல் நின்றது. ராக்குவின் முகம் சுண்டிப் போயிற்று. குடத்தை மெதுவாக நிமிர்த்தித் தரையில் வைத்தாள்.

"என்னக்கா சொன்ன?"

"கேட்டுச்சுல்ல ஒனக்கு."

"நான் என்ன கொறை வச்சேன்? வாயக் கட்டி வயித்தக் கட்டி ஊத்துனேனே. எங்க வீட்டுக்காரவுக வந்தா ஒரு சேவலு அடிச்சு…" ராக்கு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கொறை இல்ல தாயி. கூடிப் போச்சு," என்றாள் பிரண்டை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "நான் பாறையில பொறந்தவ. பனித்தண்ணி எனக்குப் போதும். நீ ஊத்துனது அம்புட்டும் உள்ள போயி அழுகுது. மொதச் செம்புலயே சொல்லியிருக்கணும். உங்க மாமன் கதையை நினைச்சுக்கிட்டுச் சொல்லாம விட்டேன். இப்பச் சொன்னதுக்கும் நீ மொகத்தைத் திருப்பிக்கிட்டா நான் என்ன செய்ய முடியும். நீயாவது இந்தத் தண்ணியைக் குடி."

ராக்கு முகத்தைத் திருப்பவில்லை. பாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து சேற்றுக்குள் கையை விட்டாள். வேர் இருந்த இடத்தில் வேர் இல்லை. குழகுழவென்று ஏதோ கையோடு வந்தது. இத்தனை நாளும் தன் கையால் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் அழுத அழுகைக்கு ஓணான்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

"அழுகிறதை நாளைக்கு வச்சுக்க," என்றாள் பிரண்டை. "அருவாளை எடுத்துட்டு வா."

"எதுக்குக்கா?"

"எனக்கு உடம்பு ஒண்ணுதான். தடுக்கு ஒண்ணும் கெடையாது. கால்ல புடிச்சது தலைவரைக்கும் நேரா ஏறிரும். சாணு சாணா வெட்டு. எந்தத் துண்டுல அழுகல் ஏறியிருக்கோ அது போகட்டும். மத்தது பொழைக்கும்."

"வெட்டினா வலிக்காதா?"

"வலிக்கும்."

"பேசுவியா?"

"பேச்சு முழு உடம்புக்குத்தான் ராக்கு. துண்டுக்கு ஏது பேச்சு. வெட்டாம விட்டா இன்னும் மூணு நாளைக்குப் பேசுவேன்."

ராக்கு எழுந்து வீட்டுக்குள் போனாள். மூன்று நாள் பேச்சு என்பது அவளுக்குச் சின்னது இல்லை. ஊர்க்கோடி வீட்டில் ஐப்பசிவரை ஊமையாக இருப்பது எப்படி என்று அவளுக்குத்தான் தெரியும். அடுப்புப் பக்கம் நின்றாள். அரிவாள் கூரையில் செருகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, அடுப்புச் சாம்பலையும் ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

கறுப்புக்கு மேலே முதல் வெட்டு வெட்டினாள். பிரண்டை ஒரு சத்தமும் போடவில்லை. "வெட்டுன வாயில சாம்பலைத் தடவு," என்றாள். தடவினாள். "உடனே மண்ணுல வைக்காத. நெழல்ல போடு. காயம் காஞ்சு தோலு மூடணும்." அடுத்த வெட்டு. "வாடிப் போயிருச்சேன்னு பதறாத. வாடட்டும்." அடுத்த வெட்டு. "பாத்தி கட்டாத."

கொடி குறையக் குறையக் குரலும் குறைந்தது. பாதி போனபோது ராக்கு காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. மூன்று சாண் மிச்சமிருந்தபோதுதான் கேட்க வேண்டிய கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிரு. நான் மறந்துபோயி மறுபடி ஊத்தப் பாத்தா? என் கையி சும்மா இருக்காதே. போதும்னு எனக்கு யாரு சொல்லுவா?"

காதைக் கொடியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். உள்ளே மூச்சு மாதிரி ஏதோ ஒன்று கேட்டது. சொல்லாக ஒன்றும் வரவில்லை. மிச்சத்தையும் வெட்டி முடித்தாள். இருபத்தாறு துண்டு.

குடத்துத் தண்ணீரை அன்று அவளே குடித்தாள். அக்கா சொன்னதற்காகக் குடித்தாள்.

நிழலில் கிடந்த துண்டுகளில் ஒன்பது கறுத்துப் போயின. அவற்றை எடுத்துத் தூரப் புதைத்தாள். பதினேழு நின்றன. உள்ளே கோத்திருந்த நீர் வற்ற வற்ற உருண்டிருந்த உடம்பு நாலு பக்கமும் உள்வாங்கி, நாலு விளிம்பு தூக்கிக்கொண்டது. வெட்டுவாய் காய்ந்து தடித்துக் கெட்டியாக மூடிக்கொண்டது. நாலாம் நாள் வேலியோரத்துக் காய்ந்த மண்ணில் ஒவ்வொன்றாக ஊன்றினாள். பாத்தி கட்டவில்லை. ஊன்றிவிட்டு, பழக்கதோஷத்தில், "சாப்பிட்டியாக்கா," என்றாள்.

ஆனி போயிற்று. துண்டுகள் அப்படியே நின்றன. தளிரும் இல்லை, சாவும் இல்லை. ராக்கு தினமும் போய்ப் பார்த்தாள், பேசினாள். ஊருணியில் புதிதாக ஆழத் தோண்டியதில் ஊற்றுக்கண் திறந்து, ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம் சற்றுக் குறைந்திருந்தது. ஆடி மாதத்துக் காற்று அனலாக வீசிய ஒரு மத்தியானம். வேலியோரத் துண்டுகள் சுருங்கி, நரம்பும் தோலுமாக நின்றன. ராக்குவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்ன சொல்லியும் கேட்காத கை அவளுடையது. உள்ளே போய்ச் செம்பை மொண்டுகொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு செம்புக்கா. இதுக்கு மேல இல்ல," என்றாள்.

அடியில் ஊற்ற வேண்டுமே என்று ஒரு துண்டை இடது கையால் பிடித்துச் சாய்த்தாள். பிடித்த இடத்தில் விரல் சுருக்கென்றது. பிறகு நமைச்சல் ஏறியது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று முழங்கைவரை அரித்துக்கொண்டு போயிற்று. இன்னொரு துண்டைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் அரித்தது. மூன்றாவதைத் தொட்டாள். தாங்க முடியவில்லை, செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சொறிந்துகொண்டாள்.

சொறிந்துகொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று விளங்கியது. மூன்று தொட்டாள், மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டு மாதமாக ஒரு பதிலும் இல்லாத வேலியிலிருந்து இப்போது பதில் வந்திருக்கிறது.

"சரிக்கா," என்றாள். "சரி, ஊத்தலை. கோவிச்சுக்கலை."

தண்ணீரைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டு, செம்பைக் கவிழ்த்து வைத்தாள். கை அன்று முழுக்க அரித்தது. அரித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

பிறகு எட்டு நாள் கழித்து வெட்டுவாய் மூடிய ஒரு முனையில் கடுகளவு பச்சை எட்டிப் பார்த்தது. அதிலிருந்து ஒரு சாண் வளர்ந்ததும் அங்கே ஒரு கணு கட்டிக்கொண்டது. அடுத்த சாணுக்கு அடுத்த கணு. அழுகல் வந்தால் இந்தக் கணுவோடு நிற்கட்டும் என்று கதவு போட்டுப் போட்டு வளர்ந்த மாதிரி இருந்தது. கணுவுக்கு ஒரு சுருள்கம்பி விட்டு வேலியைத் தானே பிடித்துக்கொண்டது. பதினேழும் அப்படியே கிளம்பின.

ஐப்பசியில் மழை இறங்க, சாத்தையா ஆட்டோடு ஊர் திரும்பினான். வேலி முழுக்கப் புதுக்கொடி படர்ந்திருப்பதைப் பார்த்து, "இது யாரு?" என்றான். அப்போது செடியையும் யார் என்றுதான் கேட்பார்கள்.

"எங்க அக்கா."

"அப்படியா. ஒரு வாயித் தண்ணி குடுத்தியா?" என்று அவன் செம்பைத் தேடினான்.

"குடுக்காதிய," என்றாள் ராக்கு. "அவ வேணாம்னா மெய்யாவே வேணாம்னு அர்த்தம்."

அவன் நம்பாமல் கொடியைத் தொட்டுப் பார்த்து, அன்றிரவு தூங்கும்வரை கையைச் சொறிந்துகொண்டிருந்தான். ராக்குதான் நல்லெண்ணெய் தடவிவிட்டாள். அடுத்த மாதம் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு துண்டு கேட்டு வந்தபோது, ஒடித்துக் கொடுத்து, "நெழல்ல ரெண்டு நாளு வாடப் போட்டுட்டு ஊனுங்க," என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் கொண்டுபோய் ஊன்றியதுதான் வேலிக்கு வேலி பரவியது.

ராக்குவின் வெட்டு விழுந்த நாள்தொட்டுத்தான் பிரண்டை சாணுக்கொரு கணு வைத்து வளர்கிறது. துவையலுக்குக் கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு போகிறார்கள். பிரண்டைக்கு யாரும் பாத்தி கட்டுவதுமில்லை, தண்ணீர் ஊற்றுவதுமில்லை. மறந்துபோய்த் தொட்டு உங்கள் கை அரித்தால் வருத்தப்படாதீர்கள். அது உங்களோடு பகை கொண்டு சொல்வது அல்ல, போதும் என்று சொல்வது.